கரண்டு சாமியின் கால்கள்

வாருங்கள், வாருங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். மூளையையும் அங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள். திரும்பிப் போகும்போது செருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மற்றதை இங்கே யாரும் தொடமாட்டார்கள்.

நீங்கள் நிற்பது வேன் ஸ்டாண்டு. ஒரு காலத்தில் மரக்கிடங்கு. தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை. நடுவில் பழைய டயர்களை அடுக்கி, மேலே பளபளப்பான துணி விரித்திருக்கிறார்களே, அதுதான் சிம்மாசனம். அதன்மேல் தாடியும் தானுமாக உட்கார்ந்திருப்பவர்தான் கரண்டு சாமி. வண்டிகளைப் பிடித்த பேயை ஓட்ட வந்த மகான். மனிதரைப் பிடித்த பேயை ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வண்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று இரக்கப்பட்டு இறங்கி வந்தவர்.

கூட்டத்தைப் பாருங்கள். வேன்காரர், டாக்ஸிக்காரர், சரக்கு வண்டிக்காரர், சொந்தமாகக் கார் வைத்திருக்கும் கணக்காளர், அவருக்குத் துணையாக வந்த அவர் மனைவி. பாதிப் பேர் பேட்டரியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சாமி எழுந்ததும் அத்தனை பேரும் கப்சிப்.

"குழந்தைகளே! இரவில் நீங்கள் உறங்குகிறீர்கள். உங்கள் வண்டியும் உறங்குகிறது. ஆனால் உறிஞ்சி உறங்குவதில்லை!"

உறிஞ்சி என்றால் பேய். சாதாரணப் பேய் அல்ல. ரத்தம் வேண்டாம், சோறு வேண்டாம், கரண்டு மட்டும் குடிக்கும். நிறுத்தி வைத்த வண்டிக்குள் புகுந்து, விடிவதற்குள் பேட்டரியைக் காலி செய்துவிட்டுப் போகும்.

"நிரூபணம் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, சாமி இடுப்பிலிருந்து ஒரு பல்பை எடுப்பார். பல்பிலிருந்து இரண்டு ஒயர் தொங்கும். அதற்குப் பெயர் உறிஞ்சிக்கண். இரண்டு ஒயரையும் பேட்டரியின் இரண்டு முனையில் வைப்பார். பல்பு எரியும்.

"ஆ!" என்று கூட்டம் வாயைப் பிளக்கும்.

"உறிஞ்சி விழித்திருக்கிறது!"

இன்னொருவர் பேட்டரியில் வைப்பார். எரியாது.

"உறிஞ்சி குடித்துவிட்டு உறங்குகிறது!"

அதற்கும் ஒரு "ஆ!" கவனியுங்கள், வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் வண்டியோடு பிழைப்பவர்கள். பேட்டரியில் ஒயரை வைத்தால் பல்பு எரியும் என்பது அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே பல்பைத் தாடி வைத்தவர் பிடித்தால் அதற்குப் பெயர் அற்புதம்.

இந்தப் பேய் எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் பேய் வரவில்லை, ஆசை வந்தது.

ஸ்டாண்டில் ஜிகினா என்று ஒருவர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் வேனுக்குள் நுழைந்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். கூரையில் கலர் லைட்டு, சீட்டுக்கு அடியில் கலர் லைட்டு, பின்னால் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர், அதற்கு ஒரு ஆம்ப்ளிபயர், முன்னால் கேமரா, பின்னால் கேமரா, குதிரை கனைக்கும் ஹாரன், குழந்தை சிரிக்கும் ஹாரன். வண்டி நகர்வதற்கென்று ஒரு என்ஜினும் இருந்தது.

இதையெல்லாம் பொருத்தியவன் டேஷ்போர்டு தம்பி. எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடப்பான், கால் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் அந்தக் காலோடுதான் பேசுவார்கள். "தம்பி, முடிஞ்சுதா?" என்று காலைக் கேட்பார்கள். கால் ஆடினால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஸ்டாண்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

"தம்பி, சாவி போடாமலே பாட்டு பாடணும், லைட்டு எரியணும். சவாரிக்குக் காத்துக் கிடக்கிற நேரத்துல எனக்குப் பொழுது போகணும்ல?" என்று ஜிகினாதான் முதலில் கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். தம்பிக்கு அதைவிடச் சுலபமான வேலை உண்டா? சாவி வழியாக ஒயர் இழுப்பது, சாவி போட்டால் மட்டும் கரண்டு விடுகிற ரிலே வைப்பது, பியூஸ் வைப்பது என்ற தலைவலியே இல்லை. எல்லா ஒயரையும் முறுக்கி நேராகப் பேட்டரியில் கொண்டுபோய்ச் சொருகினான். சாவியைக் கழற்றி வீட்டில் ஆணியில் மாட்டினாலும் வண்டிக்குள் ஏதோ ஒன்று அரைத் தூக்கத்தில் கரண்டு குடித்துக்கொண்டே இருக்கும்.

தினமும் ஓடுகிற வண்டிகள் தாங்கின. ஓடினால் பேட்டரி நிறைந்துவிடும். ஆனால் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து தம்பியைத் தேடிப் போனார்கள். கடை பூட்டியிருந்தது. கால் தப்பித்துப் போயிருந்தது.

மழை இரண்டு தடவை பெய்து ஓய்ந்த பிறகு, தாடி வைத்த சாமி வந்தார். வண்டிகளைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தார். "திங்கட்கிழமை காலையில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வருமே?" என்றார். அவ்வளவுதான். ஸ்டாண்டே அவர் காலில் விழுந்தது. திங்கட்கிழமை ரகசியம் தெரிந்தவர் மகான் அல்லாமல் யார்?

உறிஞ்சிக்கு மருந்தும் அவரே கொண்டுவந்திருந்தார். காவல்பெட்டி. டிபன் டப்பா அளவு, கறுப்புப் பெயின்ட், முன்பக்கம் கண்ணாடி. உள்ளே நீல வெளிச்சம். கூடவே 'ம்ம்ம்ம்' என்று ஒரு மந்திர முனகல். தொட்டால் சூடாக இருக்கும். தெய்வீகச் சூடு. பெட்டியைச் சாமியே தன் கையால் வண்டியில் பொருத்துவார், அப்போது யாரும் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. காணிக்கையை மட்டும் முன்கூட்டியே பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

"ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த விளக்கு ஒரு நொடியும் அணையக் கூடாது. சாவி இருந்தாலும் எரிய வேண்டும், எடுத்தாலும் எரிய வேண்டும். அணைந்தால் வண்டிக்காரன் குடும்பம் நாசம்!"

இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர்களுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை மட்டும் கிளம்பாத வண்டி, இப்போது செவ்வாய்க்கிழமையும் கிளம்பவில்லை, புதன்கிழமையும் கிளம்பவில்லை.

"சாமி, இப்ப தினமும் நிக்குதே சாமி!"

"உறிஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அதாவது பெட்டி வேலை செய்கிறது. இரண்டாவது பெட்டி வை."

கையில் காசிருந்தவர்கள் இரண்டாவது பெட்டி வைத்தார்கள். கணக்காளரின் கார் கடைத்தெருவில் காய்கறி வாங்கும் நேரத்துக்குள் படுத்துக்கொண்டது. "பாத்தியா, ரெண்டு பெட்டிக்கே உறிஞ்சி எவ்வளவு பயந்து போச்சு!" என்று கணக்காளர் தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மனைவி காய்கறிக் கூடையோடு வீடுவரை நடந்தாள்.

கிளம்பாத வண்டியைத் தள்ளித்தானே ஆக வேண்டும்? அதற்கும் சாமி ஒரு பெயர் வைத்தார். தள்ளுசேவை. வண்டிக்காரன் உள்ளே உட்கார்ந்து இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொள்ள வேண்டும், வீட்டுப் பெண்கள் பின்னால் நின்று தள்ள வேண்டும். தள்ளினால் குடும்பத்துக்குப் புண்ணியம். காலையில் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமே! வரிசையாக வண்டிகள், வரிசையாகப் பெண்கள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு "ம்... ஏ... ம்!" என்று புண்ணியம் சேர்த்தார்கள். ஜிகினாவின் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் வண்டிதான் இருப்பதிலேயே கனம், ஸ்பீக்கரே கால் வண்டி இருக்கும்.

இந்த ஜிகினாவின் வீட்டுக்குத்தான் மூன்று மாதம் முன்னால் ஒரு மருமகள் வந்திருந்தாள். அவளுக்கு வேலை மின்வாரியத்தில் மீட்டர் பார்ப்பது. வீடு வீடாகப் போய், எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவாள். ஒருநாள் மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், வண்டிக்குள் நீலமாக எரிந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, இது எதுல எரியுது?"

"சாமி சக்தியில எரியுதும்மா."

"பின்னால ஒயர் போகுதே?"

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் டயர் சிம்மாசனத்திலிருந்த சாமியின் காதில் அது விழுந்துவிட்டது. சாமி கண்ணை மூடினார். தாடியை உருவினார். பிறகு ஜிகினாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்.

"உன் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பகலெல்லாம் கரண்டைத் தேடி வீடு வீடாக அலைகிறாள். அவளோடுதான் உறிஞ்சி வந்திருக்கிறது. அவள் இருக்கும்வரை உன் வண்டி கிளம்பாது."

அவள் வருவதற்கு முன்பே வண்டி திங்கட்கிழமைதோறும் நின்றதே என்று ஜிகினாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. யோசிக்கிற அந்தச் சாமான் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வாசலில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு, இன்னொரு நாள் தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். பயந்தவருக்கு யாரையாவது வீட்டை விட்டு அனுப்பினால் தேவலை போலிருந்தது.

"உன்ன யாரும் போன்னு சொல்லலம்மா," என்றார் அன்று மாலை, சுவரைப் பார்த்து. "கொஞ்ச நாளைக்கு உங்க அம்மா வீட்ல இருந்துட்டு வா. வண்டி சரியாகட்டும்."

"சரியாகலைன்னா மாமா?"

அவர் அந்தச் சுவரில் தொங்கிய காலண்டரில் நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்தார்.

அவளுடைய கணவன் அச்சகத்தில் வேலை செய்பவன், நல்லவன். நல்லவன் என்றால், யாரையும் எதிர்த்து எதுவும் பேசாதவன். பரணிலிருந்து அவளுடைய துணிப்பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து, கட்டில் ஓரம் வைத்தான். பெட்டியை இறக்கியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவ்வளவு அக்கறையாகத் துடைத்தானே, அதுதான் அவளுக்கு வலித்தது.

"நீங்களும் நம்புறீங்களா?"

"சேச்சே. நான் நம்பல. ஆனா அப்பா..."

"நம்பாமலே அனுப்புறீங்க. அது இன்னும் மோசம்ங்க."

அவள் அழுதாள். துக்கம் பாதி, கோபம் பாதி. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, துடைத்து வைத்த பெட்டியின்மேல் உட்கார்ந்து யோசித்தாள். அந்தத் தெருவில் அந்த மாதம் உட்கார்ந்து யோசித்த முதல் ஆள் அவள்தான்.

அவள் வேலையில் இது தினமும் நடப்பது. "ஏம்மா, நாங்க ஒண்ணுமே போடல, பில்லு எகிறிப்போச்சு, உன் மீட்டர்ல பேய் இருக்கு" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அவள் சண்டை போடமாட்டாள். "வீட்ல எல்லா சுவிட்சையும் அணைங்க. அப்புறமும் மீட்டர் ஓடுச்சுன்னா எங்கேயோ ஏதோ எரியுது. ஒண்ணொண்ணாக் கழட்டுவோம்" என்பாள். இதுவரை பேய் அகப்பட்டதில்லை. மாடியில் மறந்துபோன மோட்டார்தான் அகப்பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை 'உறிஞ்சி விரட்டு' என்று சாமி அறிவித்திருந்தார். அந்தப் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, அவளிடமிருந்து பேயைப் பிரித்து, பிறந்த வீட்டுக்கு வழியனுப்பும் நிகழ்ச்சி. கூட்டம் தகரக் கூரைக்கு வெளியே வழிந்தது. ஜிகினாவே போய், தள்ளிக் கிளப்பிய தன் வேனில் சாமியை ஏற்றிக்கொண்டு வந்தார். சாமி டயர்மேல் ஏறியதும் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் காலில் விழுந்து எழுந்தார்கள்.

மருமகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"சாமி, நான்தான் உறிஞ்சின்னு சொல்லிட்டீங்க. சரி. உங்க உறிஞ்சிக்கண்ணாலேயே சோதிச்சுப் பாத்துருவோமா?"

சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னுடைய பல்பு, தன்னுடைய பக்தர்கள். "தாராளமாக, குழந்தாய்!"

"நான் எதையும் தொடமாட்டேன். அப்புறம் நான்தான் ஏதோ செஞ்சேன்னு ஆயிரும். மாமா, நீங்களே செய்யுங்க. சாவியை எடுத்துருங்க. பாட்டு, லைட்டு, கேமரா எல்லாத்தையும் அணைங்க. கதவைத் திறந்தா எரியுமே, அந்த லைட்டையும். ஆச்சா? இப்ப பேட்டரில ஒரு பக்கத்து ஒயரைக் கழட்டி, கழட்டின ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல இந்த பல்பை வைங்க. எல்லாம் அணைஞ்சிருக்கு. யாரும் கரண்டு குடிக்கலைன்னா பல்பு எரியக் கூடாது. எரிஞ்சா, யாரோ குடிக்கிறாங்க. சரிதானே சாமி?"

"மிகச் சரி!" என்றார் சாமி. அவசரப்பட்டுவிட்டார் பாவம்.

ஜிகினா ஸ்பேனரால் ஒயரைக் கழற்றி, நடுவில் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"உறிஞ்சி!" என்று கூட்டம் அலறியது. கணக்காளர் தன் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"பார்த்தீர்களா! அவள் பக்கத்தில் நிற்கிறாள், கண் விழித்துவிட்டது!"

"அப்ப நான் போயிட்டா அணையணும்," என்றாள் அவள். திரும்பி நடந்தாள். முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருமுனை மருந்துக்கடைவரை போய் நின்று, "அணைஞ்சுதா?" என்று அங்கிருந்து கத்தினாள்.

எல்லாரும் பல்பைப் பார்த்தார்கள். பல்பு அசையாமல் எரிந்தது.

"இல்லம்மா, எரியுது!" என்று ஒரு டாக்ஸிக்காரர் பதிலுக்குக் கத்தினார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

அவள் திரும்பி வந்தாள். "நான் இருந்தாலும் எரியுது, இல்லாட்டியும் எரியுது. அப்ப குடிக்கிறது நான் இல்ல. உள்ள இருக்கிற ஏதோ ஒண்ணு. மாமா, முதல்ல அந்தக் காவல்பெட்டி ஒயரை உருவுங்க."

"கூடாது!" சாமி துள்ளி எழுந்தார். "விளக்கு அணைந்தால் குடும்பம் நாசம்! ஏழு தலைமுறைக்கு நாசம்!"

ஜிகினாவின் கை பெட்டிவரை போனது, பின்வாங்கியது. ஒரு பக்கம் ஏழு தலைமுறை, இன்னொரு பக்கம் மருமகள். கணவன் வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா சாமியின் முகத்தைப் பார்த்தார். மருமகள் மாமனாரின் கையையே பார்த்தாள். இத்தனை சொல்லியும் இந்த மனிதர் கையை எடுத்துவிட்டால், அடுத்தது அந்தத் துடைத்த பெட்டிதான்.

அப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜிகினாவின் மனைவி முன்னால் வந்தாள்.

"தள்ளுங்க அந்தப் பக்கம். ஏழு தலைமுறையாம், ஏழு தலைமுறை! தினமும் விடிஞ்சா வண்டியத் தள்றது நானு. என் இடுப்பு இந்தத் தலைமுறையிலேயே போச்சு!"

பெட்டியின் ஒயரைப் பிடித்து ஒரே இழு. நீலம் அணைந்தது. 'ம்ம்ம்' நின்றது. பல்பு பளிச்சென்று எரிந்தது போய், அடுப்பில் அவியப்போகும் கரியைப் போல மங்கிச் சிவந்தது.

குடும்பம் நாசமாகவில்லை. குடும்பம் நால்வரும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"உறிஞ்சி இந்தப் பெட்டிக்குள்ளதாங்க இருந்துச்சு," என்றாள் மருமகள். "பேய்க்குக் காவல்னு வாங்கி, பேயையே காசு குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. ரெண்டு பெட்டி வாங்கினவங்களுக்கு ரெண்டு பேய்."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சாமி நாலா பக்கமும் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட்டது, மங்கலாக எரிந்துகொண்டிருந்த பல்பு. "பொறுங்கள்! இன்னும் அணையவில்லை பார்த்தீர்களா! பெட்டியை எடுத்தும் எரிகிறது! அதுதான் உண்மையான உறிஞ்சி! இப்போது நானே விரட்டுகிறேன்!"

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, தாடியோடு டேஷ்போர்டுக்கு அடியில் பாய்ந்தார். உள்ளிருந்து மந்திரம் கேட்டது. பிறகு ஏதோ உராயும் சத்தம். பிறகு மந்திரம் நின்று, வேறு ஒரு குரல் கேட்டது.

"யோவ், யாராவது டார்ச் அடிங்கய்யா! அந்தக் கட்டிங் பிளேயரைக் குடு! இந்த ஆம்ப்ளிபயர் ஒயரை எங்க வச்சேன்... ஆங், இங்கதான்!"

பல்பு அணைந்தது.

"சாமி விரட்டிட்டார்!" என்று யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் எந்தக் கூட்டத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள்.

மற்றவர்கள் கை தட்டவில்லை. டார்ச் பிடித்த ஜிகினா வெளிச்சத்தை உள்ளே காட்டாமல் வெளியே காட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறி ஹாயாக உட்கார்ந்திருந்தது.

"இந்தக் காலு..." என்றார் ஜிகினா. "இந்தக் கால எனக்குத் தெரியும்."

சரக்கு வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். "அட, எனக்கும் தெரியும்ணே! என் வண்டியில ஒரு வாரம் நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சே!"

ஜிகினா காலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, பழைய பழக்கத்தில் அந்தக் காலிடமே கேட்டார். "தம்பி, முடிஞ்சுதா?"

கால், அதுவும் பழைய பழக்கத்தில், இரண்டு தடவை ஆடியது. இன்னும் முடியவில்லையாம்.

முற்றம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. இழுத்து வெளியே எடுத்தார்கள். தாடி கியர்க்கம்பியில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. அந்த முகம் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை, கால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அவர்கள் ஆசைக்காக நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தவன், கேள்வி கேட்க வருகிறார்கள் என்றதும் ஓடிப்போய், தாடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். ஒயரைத் திருத்தி இழுப்பதைவிட மகானாவது சுலபம் என்று கண்டுபிடித்திருக்கிறான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, சுலபமாகத்தான் இருந்தது.

காவல்பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே, நீலப் பெயின்ட் அடித்த பிரேக் லைட் பல்பு ஒன்று. தெய்வீகச் சூடு அதிலிருந்து வந்தது. மந்திரம் ஏதோ ஒரு குழந்தையின் பொம்மையிலிருந்து பிடுங்கிய ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அடிக்க ஓங்கிய கைகளை மருமகள் தடுத்தாள். "அடிச்சா வண்டி கிளம்புமா? இழுத்தவரே திருத்தட்டும். சாவி போட்டா எல்லாத்துக்கும் உசுரு வரணும், சாவி எடுத்தா எல்லாம் தூங்கணும். ரிலே வழியா வரணும், ஒவ்வொண்ணுக்கும் பியூஸ் இருக்கணும். ஒவ்வொரு வண்டியும் முடிஞ்சதும் இதே பல்பை வச்சு நான் பாப்பேன்."

பிறகு ஜிகினா அவள் முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை பார்க்கப் பக்கத்தில் சுவர் இல்லை.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம். முன் சீட்டுல உக்காரு."

"முன் சீட்டு இருக்கட்டும் மாமா. அனுப்பப் பாத்தீங்களே, அதுக்கு?"

அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்புதாம்மா. பயந்துட்டேன். பயத்துல உன்னத் தள்ளிவிடப் பாத்தேன். மன்னிச்சுரு."

அவளுக்கும் கண் கலங்கியது. தலையை ஆட்டினாள். கணவன் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க பின்னால போய் வண்டியத் தள்ளுங்க," என்றாள். "கிளம்பும்தான். இருந்தாலும் தள்ளுங்க. அத்தை இத்தனை நாள் தள்ளினாங்கல்ல."

அவன் தள்ளினான். மாமியார் முன் சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை சிரிக்கும் ஹாரனைத் தானே அழுத்தினாள். வீட்டுக்குப் போனதும் அவனே அவளுடைய துணிப்பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினான். இந்தத் தடவை துடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் ஜிகினாவின் வேன் கிளம்பியது. கரண்டு சாமி வாழ்நாளில் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

கதை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் ஸ்டாண்டில் கணக்காளரின் கார் நின்றுகொண்டிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து விஷயம் தெரியாத ஒருவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கதவோரம் காலைக் கண்டதும் பேட்டரியைக் கீழே வைத்து, கண்ணை இறுக மூடி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி! என் வண்டியையும் காப்பாத்துங்க சாமி!"

உள்ளிருந்து குரல் வந்தது. "சாமியெல்லாம் இல்லய்யா. போய் ஒரு ரிலே வாங்கிட்டு வா."

விழுந்தவர் நெகிழ்ந்துபோனார். "என்ன ஒரு தன்னடக்கம்!" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை விழுந்தார்.

அன்பர்களே, உங்களை விழாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. விழுவது என்று முடிவு செய்துவிட்டால் விழுங்கள். கண்ணையாவது திறந்துகொண்டு விழுங்கள், அது யாருடைய கால் என்று தெரியும்.